கண்டக்டருக்கு ஞானஸ்நானம்

ஓய்வு பெற்ற மறு மாதமே ஓட்டுநருக்குப் புரிந்துவிட்டது, வீட்டில் தனக்கென்று எந்த வேலையும் இல்லை என்று. ஆயுசில் பாதியைப் பேருந்தின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழித்தவர். இப்போது காலையில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். மனைவி காய் நறுக்கினால் பின்னால் நின்று, "கொஞ்சம் லெஃப்ட்ல வாம்மா" என்பார்.

அந்த அம்மாள் பிரசவ வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வராந்தாவில் பதறித் திரியும் அப்பன்மார்களை ஒரு பார்வையில் உட்கார வைத்தவர். புருஷனை மட்டும் உட்கார வைக்க முடியவில்லை. அந்த நேரத்தில்தான் சபையில் அறிவித்தார்கள்: மூத்த தம்பதியர் ஊழியத் துறைக்கு வெளிநாடு செல்ல ஆட்கள் தேவை. கடவுள் தன் குரலைக் கேட்டுவிட்டார் என்று நர்ஸம்மா நினைத்தார். "போலாங்க. ஜனங்களுக்கு ஏதாவது செய்யலாம். உங்களுக்கும் கால் ஆறும்," என்றார்.

நேர்காணலில் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள்.

"ஊழியத்துக்கு வரணும்னு உங்களை உந்தினது எது?"

"வீட்ல சும்மா இருக்க முடியலீங்க," என்றார் ஓட்டுநர்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் 'உள்ளத்தில் அணையாத அக்கினி' என்று எழுதினார்.

தலைமையகத்தில் ஒரு வாரம் பயிற்சி. முதல் நாள் முழுக்கச் சிரிப்புப் பாடம். கையில் ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்தார்கள். "பல்லு தெரியணும், ஈறு தெரியக் கூடாது. ஈறு தெரிஞ்சா கேலி பண்ற மாதிரி ஆயிடும்," என்றார் பயிற்சியாளர். ஓட்டுநருக்கு மேல்வரிசை கட்டுப்பல். அவர் சிரிப்பைப் பார்த்து இரண்டு தம்பதியர் பின்வரிசைக்கு மாறிக்கொண்டார்கள்.

மறுநாள் விதிமுறைகள். கணவனும் மனைவியும் ஊழியக் காலம் முடியும்வரை ஒருவர் பார்வையிலிருந்து ஒருவர் விலகவே கூடாது.

நர்ஸம்மா எழுந்தார். "பாத்ரூம் போனா?"

பயிற்சியாளர் யோசித்தார். "இது வரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்ல. நல்ல கேள்வி. மேலிடத்துக்கு எழுதிக் கேக்கறோம். பதில் வர்ற வரைக்கும் கூடுமானவரை சுருக்கமா முடிச்சுக்குங்க."

வாரத்துக்கு ஒரு முறை தம்பதியர் ஆலோசனைக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது அடுத்த விதி. ஆரம்ப ஜெபம், சென்ற கூட்ட நடவடிக்கைகளை வாசித்தல், தீர்மானங்கள், வாக்கெடுப்பு, நன்றியுரை. தலைமை ஒரு வாரம் கணவருக்கு, ஒரு வாரம் மனைவிக்கு. வாக்கு சமமாக விழுந்தால் தலைவர் சொல்வதே முடிவு.

"இருக்கறதே ரெண்டு பேரு. சமமாத்தானே விழும்?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"அதுக்குத்தான் விதி," என்றார் பயிற்சியாளர் பெருமையாக.

கடல் தாண்டிப் போய் இறங்கிய ஊரில் குளிர் முதலில் வந்து கைகுலுக்கியது. பழைய அடுக்குக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, முனகும் வெந்நீர்க் குழாய். ஆளுக்கொரு பெயர்ப்பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு தினமும் வீடு வீடாக மணி அடித்தார்கள். கதவுகள் திறக்கவில்லை. திறந்த ஒன்றிரண்டும் ஓட்டுநரின் சிரிப்பைப் பார்த்ததும் சாத்திக்கொண்டன.

வார இறுதியில் அறிக்கை அனுப்ப வேண்டும். எத்தனை அர்த்தமுள்ள உரையாடல்கள் நடந்தன? அர்த்தமுள்ள உரையாடல் என்றால் என்ன என்பதற்கும் விளக்கம் இருந்தது: கேட்டவர் ஒருமுறையாவது பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். ஓட்டுநர் பூஜ்யம் என்று போட்டு அனுப்பினார். மறுநாளே மண்டலத் தலைவர் தொலைபேசியில் வந்தார். அவர்களுடைய கடைக்குட்டி மகளைவிட இளையவர். ஆனால் குரலில் எப்போதும் ஒரு மேடை இருக்கும்.

"ஸ்தோத்திரம் ஐயா. பூஜ்யம்னு போட்டிருக்கீங்க. கம்ப்யூட்டர் அதை ஏத்துக்க மாட்டேங்குது."

"ஒருத்தரும் பேசலீங்களே."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. யாரோ ஒருத்தர் உங்ககிட்டப் பேசியிருப்பாங்க. கடவுள் அப்படிக் கைவிட மாட்டார். கம்ப்யூட்டரும் விடாது."

யோசித்துப் பார்த்ததில் ஒருவர் பேசியிருந்தார். கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாகத் துணி துவைக்கும் எந்திரங்கள் இருந்தன. அங்கே தரைத்தளத்து வீட்டுக்கார மனிதர் ஒருவர், வீங்கிய காலோடு ஊன்றுகோலைப் பிடித்து நின்று, ஓட்டுநரைத் திட்டியிருந்தார். எந்திரத்துக்குள் இவ்வளவு துணியைத் திணித்தால் அது எப்படிச் சுற்றும் என்று திட்டினார். திட்டி முடித்ததும், "எல்லாரும் வண்டியை இப்படித்தான் அடைக்கறாங்க. நான் கண்டக்டரா இருந்து பார்த்திருக்கேன்," என்று ஒரு பெருமூச்சு விட்டார்.

பெருமூச்சு விட்டது உண்மை. ஓட்டுநர் ஒன்று என்று போட்டார். அந்த நிமிடமே தலைமையகத்தின் கணக்கில் கண்டக்டர் 'ஆர்வமுள்ள ஆத்துமா' ஆனார்.

கண்டக்டருக்கு இது எதுவும் தெரியாது. திட்டு வாங்கிய அன்றே ஓட்டுநர் ஸ்டியரிங் பிடித்துக் காட்டியதில் அவருக்குத் தெரிந்ததெல்லாம், மேலே குடிவந்திருக்கும் வெளிநாட்டுக் கிழவன் பேருந்து ஓட்டியவன் என்பதுதான். அது அவருக்குப் போதும். மறுநாளே கதவைத் திறந்து வைத்து, "யோவ் டிரைவரு, இங்க வாய்யா," என்றார். அந்த ஊர் மொழியில்தான் சொன்னார். ஓட்டுநருக்கு அதில் பாதிதான் புரியும். மீதியைக் கையால் பேசிக்கொண்டார்கள். பிரேக் பிடிக்காத வண்டி, நிறுத்தமில்லாத இடத்தில் கை காட்டுகிறவர்கள், சில்லறை தராமல் ஜன்னலைப் பார்க்கிறவர்கள் எல்லாம் இரண்டு நாட்டிலும் ஒன்றாகவே இருந்தன. "டிரைவருங்களுக்கு என்ன, முன்னாடி பார்த்துக்கிட்டே போயிடுவீங்க. ஜனங்களைப் பார்த்தது நாங்கதானே," என்பார் கண்டக்டர். "ஜனங்க உயிரோட எறங்கினது எங்களாலய்யா," என்பார் ஓட்டுநர். இந்த ஒரு வழக்கிலேயே வாரக்கணக்கில் பொழுது போயிற்று. நடந்து நடந்து தேய்ந்த ஓட்டுநர் கடைசியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

விதிப்படி வாசலிலிருந்தே புருஷனைப் பார்வையில் வைத்திருந்த நர்ஸம்மா, உள்ளே வந்த அன்று பேச்சைக் கவனிக்கவில்லை, காலைத்தான் பார்த்தார். இடது கணுக்காலில் ஆறாத புண். மேலே ஏதோ துணி சுற்றியிருந்தது.

"இதை யாரு கட்டினா?"

"நான்தான்."

"அப்படித்தான் தெரியுது," என்று சொல்லிவிட்டு வெந்நீர் வைத்தார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் புண் கழுவிக் கட்டினார். கண்டக்டருக்கு இதயமும் களைத்திருந்தது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பல வருடம். பிள்ளை குட்டி கிடையாது. கடவுள் விஷயத்தில் அவர் ஒளிவுமறைவில்லாதவர். "நர்ஸம்மா, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா எனக்கு இந்த சொர்க்கம், நரகம் எல்லாம் சரிப்படாது. நான் செத்தா வண்டி அதோட நின்னுச்சு. அவ்வளவுதான்," என்றார்.

"நான் இப்ப கால்தானே கட்டறேன்," என்றார் நர்ஸம்மா.

புண் கட்டுவதை அறிக்கையில் எங்கே எழுதுவது என்று ஓட்டுநர் கேட்டார். மண்டலத் தலைவர் விதிகளைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "அது 'இதர'த்துல வரும் ஐயா. இதரத்துக்கு மதிப்பெண் கிடையாது. கட்டும்போது ஏதாவது வசனம் சொன்னீங்கன்னா பாதி குடுக்கலாம்."

இலை உதிர்ந்து மரங்கள் மொட்டையான சமயத்தில் மண்டலத் தலைவர் நேரிலேயே வந்தார். கறுப்புக் கோட்டு, பளபளக்கும் காலணி. அறையில் இருந்த இரண்டு நாற்காலியில் ஒன்றில் உட்கார்ந்தார், மற்றதில் தன் பையை வைத்தார். தம்பதியர் நின்றார்கள்.

"ஒரு ஆத்துமா குறிப்பிட்ட காலத்துக்கு மேல ஆர்வ நிலையிலயே இருக்கக் கூடாது ஐயா. இருந்தா அது தேங்கின ஆத்துமா. தேங்கின ஆத்துமா ஒரு மண்டலத்துல இருந்தா, வரைபடத்துல அந்த மண்டலமே சிவப்பாயிடுது. போன மாசம் மாநாட்டுல எல்லாரும் என் சிவப்பைத்தான் பார்த்தாங்க. நான் எவ்வளவு கண்ணீரோட ஜெபிச்சேன்னு உங்களுக்குத் தெரியாது."

"அவருக்காகவா?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"வரைபடத்துக்காக," என்றார் தலைவர். தான் சொன்னதில் ஏதும் பிசகு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. "மாசக் கடைசிக்குள்ள ஞானஸ்நானம் ஆகணும். இல்லன்னா உங்க ரெண்டு பேரையும் புத்தகக் கிடங்குக்கு மாத்தறதாத் தீர்மானம். வேற ஊரு. துண்டுப் பிரசுரம் மடிக்கிற வேலை. உட்கார்ந்த வேலைதான்."

அவர் போனபிறகு நர்ஸம்மா வெகுநேரம் சன்னலோரம் நின்றார். மறுநாள் புண் கட்டும்போது முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. கண்டக்டர் விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"இவ்வளவுதானா? தண்ணில ஒரு முங்கு. முங்கிட்டாப் போச்சு. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க."

அந்த வாரத் தம்பதியர் ஆலோசனைக் கூட்டம்தான் உண்மையில் கூட்டமாக நடந்த முதல் கூட்டம். அதற்கு முன் நடந்தவற்றில் சோப்பு வாங்குவது பற்றித் தீர்மானம் போட்டு, ஒருவருக்கொருவர் நன்றியுரை சொல்லிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். இந்த வாரத் தலைமை நர்ஸம்மாவினுடையது.

"அவர் முங்கட்டும்," என்றார்.

ஓட்டுநர் நிமிர்ந்து பார்த்தார். சபைக்கு வற்புறுத்தி அழைத்துப் போனால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவர் அவர். "நீயா இதச் சொல்ற? நம்பாத ஆளைத் தண்ணில எறக்கறது, ஆளே ஏறாத வண்டில டிக்கெட் கிழிக்கற மாதிரிம்மா. நமக்காக அந்த மனுஷன் ஏன் பொய் சொல்லணும்?"

"நாம போயிட்டா அந்தக் கால் என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். கடவுள்கிட்ட நான் பேசிக்கறேன். பேசிப் பழக்கந்தான்."

வாக்கு சமமாக விழுந்தது. தலைவர் சொன்னதே முடிவாயிற்று. நன்றியுரையை அன்று யாரும் சொல்லவில்லை.

செய்தி கேட்ட மண்டலத் தலைவர் சும்மா இருப்பாரா? அவருக்கு மேலே ஒருவர் உண்டு, கண்டத்துக்கே பொறுப்பானவர். "கண்டத் தலைவரே வர்றார்," என்று தொலைபேசியில் சொன்னார்.

"யாருக்குக் கண்டம்?" என்று பதறினார் நர்ஸம்மா.

ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார்கள். நடுவில் காற்றடித்த ரப்பர்த் தொட்டி. அது குழந்தைகள் விளையாடுகிற தொட்டி. சுற்றிலும் வாத்துப் படம் போட்டிருந்தது. வாத்துக்களை மறைத்து ஒரு பேனர் கட்டினார்கள். கடைசி நேரத்தில் ஒரு வாத்து மட்டும் விடுபட்டுத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. புகைப்படக்காரர் ஒருவர் கோணம் பார்த்தார். கண்டக்டரை வெள்ளை அங்கி மாட்டி ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மண்டபத்தில் வெப்பமூட்டி வேலை செய்யவில்லை.

அப்போதுதான் நர்ஸம்மா சொன்னார்: "கால் தண்ணில படக் கூடாது. புண்ணு இன்னும் ஆறல. பிளாஸ்டிக் பை சுத்தித்தான் எறக்கணும்."

மண்டலத் தலைவர் கண்டத் தலைவரைப் பார்த்தார். கண்டத் தலைவர் பெருத்த, நிதானமான மனிதர். விரலை உயர்த்தினார்.

"முழுக்குன்னா முழுக்கு. பைக்குள்ள இருக்கற காலை முழுகினதா எடுத்துக்க முடியுமா? நாளைக்கு எல்லாரும் உயிர்த்தெழறப்ப உடம்பு மேல போயி, ஒரு கால் மட்டும் கீழ நின்னுட்டா, யாரு பொறுப்பு?"

"அந்தக் கால் தண்ணில எறங்கிச்சுன்னா ஆள் நாளைக்கே மேல போயிடுவாரு," என்றார் நர்ஸம்மா.

மண்டலத் தலைவர் ஒரு வழி சொன்னார்: பையில் சிறியதாக ஒரு ஓட்டை போட்டால் என்ன? தண்ணீர் பட்டதாகவும் ஆகும், படாததாகவும் ஆகும். கண்டத் தலைவர் இதை மெச்சினார். ஆனால் ஓட்டையின் அளவு பற்றி விதியில் ஒன்றுமில்லை. தலைமையகத்துக்குத் தொலைபேசி போட்டார்கள். அங்கே காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டைப் போட்டார்கள். அந்த இடைவெளி வீணாகாதபடி கண்டத் தலைவர் உரையாற்றத் தொடங்கினார்.

"நாம இங்க எதுக்குக் கூடியிருக்கோம்? ஒரு மனுஷனுக்காகவா? இல்ல. மனுஷன் வருவான், போவான். புள்ளிவிவரம் நிலைச்சு நிக்கும்..."

ஓட்டுநர் உரையைக் கேட்கவில்லை. கண்டக்டரின் உதடு நீலமாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிக்குள் தோள்கள் நடுங்கின. மூச்சு, மேட்டில் ஏறுகிற பழைய வண்டி மாதிரி இழுத்தது. இருந்தும் கண்டக்டர் இவரைப் பார்த்துக் கண்ணடித்தார், ஒன்றுமில்லை, முடித்துவிடலாம் என்பதுபோல. அதைத்தான் ஓட்டுநரால் தாங்க முடியவில்லை. எழுந்தார்.

"நிறுத்துங்க. இவருக்கு நம்பிக்கை கிடையாது. எங்களை வேற ஊருக்கு அனுப்பிடக் கூடாதுன்னு வந்து உட்கார்ந்திருக்கார்."

தொலைபேசியில் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கண்டத் தலைவர் மெதுவாகக் கேட்டார்:

"நம்பிக்கை இல்லன்னு அவர் எழுத்து மூலமாக் குடுத்திருக்காரா?"

"இல்லீங்க."

"அப்ப பிரச்சினை இல்ல. தொடரலாம்."

"நான் வேணா இப்ப எழுதித் தர்றேன்," என்றார் கண்டக்டர், மூச்சுக்கு நடுவே.

அதற்கான படிவம் எதுவும் இல்லை என்று மண்டலத் தலைவர் தெரிவித்தார்.

ஓட்டுநர் அதற்குமேல் நிற்கவில்லை. தன் கம்பளிக் கோட்டைக் கழற்றிக் கண்டக்டரைச் சுற்றினார், அப்படியே அணைத்துத் தூக்கினார். ஓட்டுநர் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. புகைப்படக்காரர் தன் தொழிலைச் செய்தார். நர்ஸம்மா முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்தார். ஓட்டுநர் வெளியே வந்ததும், "நீங்க செஞ்சதுதான் சரி," என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இருவரும் பெட்டி கட்டினார்கள். கண்டக்டருக்குப் புண் கட்ட எதிர்வீட்டுப் பெண் ஒருத்தியைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தும் வைத்தார் நர்ஸம்மா. புத்தகக் கிடங்கிலிருந்து அழைப்பு வரும் என்று காத்திருந்தபோது மண்டலத் தலைவர் அழைத்தார். குரல் தேனாக இருந்தது.

"ஐயா, படம் பிரமாதமா வந்திருக்கு. மாதாந்திர இதழ்ல முகப்பு அட்டை. 'மீட்பின் கண்ணீர்'னு தலைப்பு. உங்களை அங்கயே நீட்டிச்சிருக்காங்க."

"அவர் முங்கவே இல்லீங்களே."

"படத்துல தொட்டி தெரியுது. வெள்ளை அங்கி தெரியுது. மீதியைப் பார்க்கறவங்க விசுவாசத்தால நிரப்பிக்குவாங்க. மண்டலம் பச்சையாயிடுச்சு ஐயா."

ஓட்டுநர் முங்கவில்லை என்று எழுதி அனுப்பினார். தங்கள் தாழ்மையைப் பாராட்டிப் பதில் வந்தது. மறுபடி எழுதினார். தாழ்மைக்கான சான்றிதழ் வந்தது. அதற்குமேல் அவருக்கு வழி தெரியவில்லை. கண்டக்டரிடம் சொன்னபோது அவர் இருமல் வரும்வரை சிரித்தார்.

அதோடு விட்டார்களா? மாதிரி ஆத்துமாவை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள மற்ற ஊர்களிலிருந்து மூத்த தம்பதியரை அனுப்பத் தொடங்கினார்கள். ஈறு தெரியாத சிரிப்போடு அவர்கள் கண்டக்டர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். கண்டக்டர் அவர்களைத் துணி உலர்த்தச் சொல்வார், பாத்திரம் கழுவச் சொல்வார், வரிசையில் வரச் சொல்லி அதட்டுவார். "உள்ள போங்க, உள்ள போங்க, வாசல்ல நிக்காதீங்க." அந்தப் பாவப்பட்டவர்களும் ஓட்டுநர் தம்பதியைப் போலவே பேச ஆளில்லாமல் திரிகிறவர்கள்தான் என்பதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். கிளம்பும்போது ஒவ்வொரு ஜோடிக்கும் மறக்காமல் ஒரு பெருமூச்சு விட்டு அனுப்பினார்.

குளிர் முடிகிற சமயத்தில் கண்டக்டரின் இதயம் இனி முடியாது என்று சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு பேரும் காலையிலிருந்து மாலைவரை கட்டிலுக்கு இருபுறமும் இருந்தார்கள். ஒரு பிற்பகலில் நர்ஸம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "உங்களுக்காக ஜெபம் பண்ணிக்கட்டுமா? வேண்டாம்னா விட்டுடறேன்."

"பண்ணுங்க. உங்களுக்கு அதுல ஒரு நிம்மதி. ஆனா சத்தமா வேணாம். பக்கத்துக் கட்டில்காரன் இப்பத்தான் தூங்கறான்."

நர்ஸம்மா அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள்ளேயே ஜெபித்தார். ஓட்டுநர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் கொஞ்ச நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பார்க்கவில்லை.

உறவுக்காரர் யாரும் இல்லாததால் அடக்கத்துக்கு வேண்டியதையெல்லாம் இவர்கள்தான் செய்தார்கள். எதிர்வீட்டுப் பெண் வந்தாள். எங்கிருந்தோ கேள்விப்பட்டு, துணி உலர்த்திக் கொடுத்த தம்பதியரில் சிலரும் வந்து பின்னால் நின்றார்கள். யாரும் சிரிப்புப் பயிற்சியை நினைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மண்டலத் தலைவர் அழைத்தார்.

"ஸ்தோத்திரம் ஐயா. இந்த வாரம் அறிக்கை வரலியே."

"எங்க வீட்ல ஒரு துக்கம்ங்க," என்றார் ஓட்டுநர்.

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "துக்கத்துக்கு விதியில இடம் இருக்கு ஐயா. ஆனா ரத்த உறவாவது, கொண்டு கொடுத்த உறவாவது இருக்கணும். சிநேகிதருக்கு இல்ல. போனவரு உங்களுக்கு என்ன முறை?"

ஓட்டுநர் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். நர்ஸம்மா கண்டக்டருடைய போர்வையைத் துவைத்து எடுத்து வந்து மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன முறைன்னு கேக்கறாங்க."

நர்ஸம்மா போர்வையின் முனைகளைச் சேர்த்துப் பிடித்தபடி நின்றார்.

"எங்கண்ணன்னு சொல்லுங்க."

ஓட்டுநர் தொலைபேசியைக் காதில் வைத்தார். "என் மச்சான்," என்றார். "பொண்டாட்டியோட கூடப் பொறந்தவரு."

"ஓ, ஆண்டவர் ஆறுதல் தருவாராக. மச்சான்னா மூணு நாள் உண்டு ஐயா. அறிக்கையை அடுத்த வாரம் சேர்த்து அனுப்பிடுங்க."

"சரிங்க."

அவர் தொலைபேசியை மேசைமேல் வைத்தார்.

"மூணு நாள் குடுத்திருக்காங்க," என்றார்.

நர்ஸம்மா போர்வையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.